முதுகில் ஏறி வந்த லொறி

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். அங்கே கார் என்றால் துரையின் கார் ஒன்றுதான். அது வரும் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் காரைப் பற்றி எங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அப்படி வளர்ந்த என்னை, மாத்தளை டவுனில் மோட்டார் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடைத்தெருவில் ஒடுக்கமான ஓர் அறை. முன்னால் ஒரு கண்ணாடி அலுமாரி, பின்னால் கூரை வரைக்கும் பலகைத் தட்டுகள். அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறையும் சமைக்கிற குசினியும். வாரத்தில் ஒரு நாள் என் புருசன் விடியற்காலைக் கோச்சியில், அதாவது ரயிலில், கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுத்து வருவார். அன்றைக்குக் கடை பூட்டு. நான் குசினியில் இருந்துகொண்டு, ஆட்கள் வந்து பலகைக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீங்க போற அன்னைக்கு நான் கடையில ஒக்காரட்டுமா?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஃபேன் பெல்ட் கேட்டா என்ன எடுத்துக் குடுப்பே?"

"இப்ப கேட்டா முழிப்பேன். நீங்க காட்டிக் குடுத்தா ஃபேன் பெல்ட்டையே எடுத்துக் குடுப்பேன்."

அவர் அதிகம் பேசுகிறவரில்லை. கையைக் கழுவிவிட்டு லாம்பை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கடை பூட்டிய பிறகு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தோம். அவர் சொன்ன பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. நான் என் பாட்டுக்கு ஞாபகம் வைத்துக்கொண்டேன். பிரேக் ஷூ தேங்காய்க் கீற்று மாதிரி. பிஸ்டன் ரிங் வளையல் மாதிரி. ஹெட் கேஸ்கட் பணியாரச் சட்டி மாதிரி. வளையலில் கைக்கு ஏற்ற அளவு இருப்பதுபோல ரிங்கிலும் அளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

பயம் டிரைவர்மாருக்குத்தான் இருந்தது. கடைக்குள் வந்து என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள்.

"மொதலாளி இல்லைங்களா?"

"கொழும்புக்குப் போயிருக்காரு. என்ன வேணும்?"

"பரவாயில்லைங்க. அவரு வரட்டும்."

முதல் மாதம் முழுக்க இதே பேச்சுத்தான். பிறகு அவசரக்காரர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கார் நடுரோட்டில் நிற்கும்போது மொதலாளி வரும்வரைக்கும் யார் காத்திருப்பார்கள்?

எங்கள் கடைக்கு ஒரு பக்கம் அரிசிக் கடை. மறு பக்கம் மணிக்கூடு, கைக்கடிகாரம் எல்லாம் திருத்தும் நானாவின் கடை. நானாவின் குடும்பம் பரம்பரையாக மாத்தளையில் இருக்கிற முஸ்லிம் குடும்பம், அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். ஒரு கண்ணில் கறுப்புக் குழாய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாரென்றால் வாசலில் யானை போனாலும் நிமிர மாட்டார். ஆனால் என் கடையில் யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். குழாயைக் கழற்றாமலே வந்து வாசலில் நிற்பார். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் சத்தம் தானாக அடங்கிவிடும்.

இப்படி இரண்டு மூன்று வருசம் நன்றாகத்தான் போனது. அப்புறம், எழுபதுகளின் தொடக்கத்தில், அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் வருவதை நிறுத்திவிட்டது. கொழும்புக்குப் போனவர் ஒரு பையோடு திரும்பி வந்தார். அடுத்த வாரம் அந்தப் பையும் பாதிதான் நிறைந்திருந்தது. எங்கள் தட்டுகளில் பின்பலகை தெரியத் தொடங்கியது. பழையதைக் கழுவி, தேய்த்து, ஒட்டுப்போட்டு விற்கிற காலம் வந்தது.

ஒட்டுப்போட முடியாத சாமான் ஒன்று இருந்தது. அதுதான் சைட் கண்ணாடி. அந்தக் காலத்துக் கார்களில் அது கதவில் இருக்காது. முன்னால் மட்கார்டின் மேலே, ஒரு கம்பில் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்து ரோடுகளோ ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு போகிற மாதிரித்தான் கார் போக வேண்டும். உரசினால் முதலில் போவது வலது பக்கத்துக் கண்ணாடி. வாரத்துக்கு நாலு பேராவது உடைந்த கண்ணாடியோடு வருவார்கள். தகரக் கிண்ணமும் கம்பும் நன்றாக இருக்கும். நடுவில் கண்ணாடி மட்டும் இருக்காது. நாங்கள் கையை விரிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் என் சீதன அலுமாரியின் கண்ணாடி கீறல் விட்டது. அலுமாரியை நகர்த்தும்போது என் புருசன் கை தவறிவிட்டது. ஆளுயரக் கண்ணாடி. குறுக்கே ஒரு கீறல். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், பிறகு ஆட்கள் விட்டுப்போய் மூலையில் கிடந்த வெற்றுத் தகரக் கிண்ணங்களைப் பார்த்தேன்.

"இத வட்டமா வெட்டுனா எத்தன வரும்?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கவலையா இல்லையா?"

"கவலப்பட்டா ஒட்டிக்கிருமா? நானாகிட்ட கண்ணாடி வெட்டுற வைரக்கட்டை இருக்குதானே. கேட்டுப் பாருங்க."

நானா மணிக்கூட்டுக் கண்ணாடி வெட்டுகிறவர். ஒரு பின்னேரத்தில் என் அலுமாரிக் கண்ணாடி அழகழகான வட்டங்களாகிவிட்டது. சைக்கிள் டியூப்பை ஒடுக்கமாக நறுக்கி விளிம்புக்குச் சுற்றி, கிண்ணத்துக்குள் வைத்து அழுத்தினோம். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

முதல் கண்ணாடியை வாங்கியவர் நாவுலவுக்கும் மாத்தளைக்கும் ஹயர் கார் ஓட்டிய ஒரு அண்ணன். ஐம்பதை நெருங்கியவர். மெதுவாக ஓட்டுவதற்கு அந்த ரோட்டிலேயே பெயர் போனவர். அவர் காரில் ஏறினால் நடந்து போகிறவனிடம் வழியில் ஊர்க் கதை முழுவதையும் பேசி முடிக்கலாம் என்பார்கள். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அவர் காரைத்தான் தேடுவார்கள். கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு, "மொதலாளியம்மா கைராசி நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. அன்றைக்கு என் புருசன் கொழும்புக்குப் போயிருந்தார்.

"மொதலாளியம்மா, என்னத்தக் குடுத்தீங்க எனக்கு?"

"ஏண்ணே, ஒடஞ்சிருச்சா?"

"ஒடஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்!"

நடந்தது இதுதான். நாவுலயில் ஒரு சிங்களக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டாரை மாத்தளையில் இருந்த பொண்ணு வீட்டுக்குக் கொண்டுவர அவர் காரைப் பேசியிருந்தார்கள். மெதுவாக ஓட்டுகிறவர், பலகாரத் தட்டு சிந்தாது, மாப்பிள்ளையின் உடுப்புக் கசங்காது என்ற நம்பிக்கை. பின்சீட்டில் ஆளும் தட்டும் கூரை வரைக்கும். உள்ளே இருந்த கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளையின் பெரியம்மாவின் கொண்டைதான் தெரிந்ததாம். அதனால் வெளிக் கண்ணாடியையே நம்பி வந்திருக்கிறார். நாவுலயைத் தாண்டியதும் பார்த்தால், கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று முதுகில் ஏறுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது.

"கைய நீட்டிப் போ போன்னு காட்டுறேன். போக மாட்டேங்கிறான். சரி, தொலையட்டும்னு கொஞ்சம் அமுக்குனேன். அவனும் அமுக்குறான். இன்னும் அமுக்குனேன். அப்பவும் முதுகுலேயே நிக்கிறான். இருபத்தஞ்சு வருசமா ஓட்டுறேன் அம்மா, என் வாழ்நாள்ல நான் அப்படி ஓட்டுனதில்ல!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பெரியம்மா புத்த பகவான கூப்புடுறாங்க, மாப்புள்ள அம்மாவ கூப்புடுறான். டவுனுக்குள்ள வந்து நிப்பாட்டிட்டு, அவனுக்கு நாலு வார்த்த குடுக்கலாம்னு எறங்கிப் பாத்தேன். ரோட்டுல ஒரு நாயைத் தவிர ஒண்ணுமில்ல. ஒரு வெத்தல போட்டு முடிச்ச பொறகுதான் அந்த லொறி ஆடி அசைஞ்சு வருது!"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரித்துவிடக் கூடாது. "அப்ப நல்ல நேரம் தவறலதானே?"

"தவறலையா? பொண்ணு வீட்டுக்குப் போறோம், பொண்ணோட அப்பா சாரத்தோட ஒக்காந்து தேங்கா துருவிக்கிட்டிருக்காரு. எங்களப் பாத்ததும் துருவலையைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுறாரு. இன்னும் வாழமரம் கூடக் கட்டல!"

நானாவின் கடையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்துச் சிரித்துக் குழாய்க் கண்ணாடி கழன்று கீழே விழுந்த சத்தம் அது. அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றேன். டிரைவர் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். பிறகு தேங்காய் துருவினவரின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் மீசையும் ஆடத் தொடங்கியது.

ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்கு உள்ளே உறுத்தியது. அவ்வளவு பேர் ஏறிய கார். ஏதாவது ஆகியிருந்தால்? நான் கடையை விட்டு இறங்கினேன். "அண்ணே, நான் ஒங்க சீட்டுல ஒருக்கா ஒக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கடைத்தெருவில் ஒரு பொம்பளை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததை அரிசிக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். வலது பக்கம் நாங்கள் செய்த கண்ணாடி. அதில் பின்னால் நின்ற மாட்டு வண்டி பெரிதாக, கையை நீட்டினால் தொடலாம் போலத் தெரிந்தது. இடது பக்கம் காரோடு வந்த பழைய கண்ணாடி. டிரைவர் அண்ணன் அதை என் பக்கம் திருப்பிவிட்டார். அதே மாட்டு வண்டி சின்னதாக, தூரத்தில், பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து தெரிந்தது. இரண்டு கண்ணாடியிலும் ஒரே மாடுதான். சின்னதாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, பெரிதாகத் தெரிந்தால் முதுகில் ஏறுகிற மாதிரித்தான் இருக்கும்.

"நானா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

நானா வந்து பழைய கண்ணாடியின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார். "தங்கச்சி, இது தட்டக் கண்ணாடி இல்ல. நடுவுல பொடச்சிருக்கு. லேசாத்தான். மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நிமிசம் நான் அவர் கடைக்குள் இருந்தேன். மேசை லாச்சி நிறைய டைம்பீஸ் கண்ணாடிகளும் சின்னச் சுவர் மணிக்கூட்டுக் கண்ணாடிகளும் கடுதாசியில் சுற்றிக் கிடந்தன. எல்லாம் வட்டம். எல்லாம் நடுவில் புடைத்தவை.

அன்றைக்கு இரவு என் புருசன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டு, இனிக் கடைப்பக்கம் வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். தேங்காய் துருவலை வரைக்கும் வந்தேன். அவர் சோற்றுக் கையோடு சுவரில் சாய்ந்து, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். கலியாணமாகி அத்தனை வருசத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சரி, கண்டியில கண்ணாடிக்கு ரசம் பூசுற ஒரு கெழவர் இருக்காரு" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் போவோம்."

நானா கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் கண்ணாடிகளை வைக்கோலில் பொதிந்து, பனையோலைப் பெட்டியில் வைத்து, கோச்சியில் ஏறினோம். பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா, "முட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். மணிக்கூட்டுக் கண்ணாடிக்கு ரசம் பூசப் போகிறோம் என்று சொன்னால் கண்டியில் பைத்தியம் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

அந்தக் கிழவர் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசுவதே தொழிலாக இருந்தவர். எங்கள் கண்ணாடியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "தட்டக் கண்ணாடிக்குத்தான் நான் பூசுறது. இது வளஞ்சு கெடக்கே." பிறகு ஒன்றைக் கவிழ்த்துக் குழிப்பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தார். மருந்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார். தட்டைக் கண்ணாடியில் அந்தத் தண்ணீர் ஓடாமல் இருக்க அவர் படாத பாடுபடுவாராம். இதில் கோப்பையில் ஊற்றின மாதிரி அது தானாக நின்றது. கிழவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "இது சோக்கா இருக்கே!" என்றார். கொஞ்ச நேரத்தில் குழிக்குள் வெள்ளி பூத்தது. முதுகுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது நானா எங்கள் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் ஒரு நட்டுக்கூட விற்கவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் எல்லாரும் தவறாமல் வந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மணிக்கூட்டுக் கண்ணாடி எல்லாம் ஒரே புடைப்பு இல்லை. டைம்பீஸ் கண்ணாடி சிலது ரொம்பவே உப்பல். அதில் பார்த்தால் பஸ் நெருப்புப் பெட்டி மாதிரி எங்கேயோ தெரியும். அதை நம்பினால் டிரைவர் அண்ணன் இந்த முறை வேறு விதமாக மாட்டிக்கொள்வார். அதனால் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் விற்பது என்று நான் பிடிவாதமாக நின்றேன். பழைய கண்ணாடி ஒன்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வாசல் மேசையில் நிறுத்துவேன். என் புருசன் கடைத்தெருக் கோடியில் இருந்த லாம்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இரண்டிலும் அவர் ஒரே அளவாகத் தெரிந்தால் கண்ணாடி நல்லது. இல்லாவிட்டால் தள்ளு.

வெயில் என்றால் குடையோடு நிற்பார். போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

"என்ன மொதலாளி, பஸ்ஸுக்கா?"

"இல்ல. வீட்டுக்காரி என்னைய அளந்துக்கிட்டிருக்கா."

இதை அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார். கேட்டவர்கள் என்ன நினைத்துக்கொண்டு போனார்களோ!

தேறிய முதல் கண்ணாடியை டிரைவர் அண்ணனின் காரிலேயே பூட்டினோம். அவர் சும்மா வாங்கிக்கொண்டு போகத் தயாராக இல்லை. "நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. செத்தா எல்லாரும் சேந்து சாவோம்" என்றார். நாவுல ரோட்டில் போனோம். நான் முன்னால். என் புருசன் பின்சீட்டில் முழங்காலைக் குத்தி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு. பின்னால் ஒரு பஸ் வந்தது.

டிரைவர் அண்ணன் சைட் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "இப்பத்தான் பாலத்துல ஏறுறான்."

"பாலத்துலதான்" என்றார் என் புருசன் பின்னாலிருந்து.

"இப்ப அந்தப் பலா மரம்."

"பலா மரந்தான்."

"இந்தா, கிட்ட வந்துட்டான். விடட்டுமா?"

"வந்துட்டான், விடுங்க விடுங்க!"

அவர் ஓரங்கட்டிக் கையைக் காட்ட, பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் அண்ணன் காரை நிறுத்தினார். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல சாமான் அம்மா" என்றார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசத்துக்கு நாவுல வரைக்கும் நடந்தே போயிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஓய்வில்லை. ஹயர் கார்காரர்கள் வந்தார்கள். லொறிக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்து டிரைவர்கள் துரையின் காருக்கென்று வந்தார்கள். முதல் மழையில் சில கண்ணாடிகளுக்குள் தண்ணீர் இறங்கி, வெள்ளி கறுத்துப்போயிற்று. எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, விளிம்புக்குத் தண்ணீர் புகாத பட்டி பூசி மறுபடி கொடுத்தோம். நானாவுக்கு இருப்புப் போதவில்லை. வீடு வீடாகப் போய் ஓடாத மணிக்கூடுகளை வாங்கினார். சில பேர் ஓடுகிற மணிக்கூட்டின் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் புதிய தொல்லை. கண்ணாடி இல்லாத மணிக்கூட்டில் பல்லி போய் முள்ளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறதாம், மணி பிந்துகிறதாம். "தங்கச்சி, நீங்க காருக்குக் கண் குடுத்து, மணிக்கூட்டுக்குக் கண்ணப் புடுங்கிட்டீங்க" என்று நானா சொல்வார். ஆனால் அதையும் திருத்த அவரிடம்தான் வந்தார்கள்.

ஒருமுறை திருகோணமலைக்குப் போகிற கொழும்புக்காரர் ஒருவர், உடைந்த கண்ணாடியோடு கடை வாசலில் காரை நிறுத்தினார். பளபளப்பான கார். நான் தனியாக இருந்தேன். எடுத்துக் காட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரிஜினலா? எந்த நாட்டுச் சாமான்?"

"நாங்க செஞ்சதுங்க. இங்கதான்."

"யார் செஞ்சது?"

"நானும் என் வீட்டுக்காரரும். பக்கத்துக் கடை நானாவும்."

அவர் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதலாளி எப்ப வருவார்?"

வாசலில் ஒரு லொறிக்கு வீல் ஆணி பார்த்துக்கொண்டு நின்ற டிரைவர் ஒருவர் திரும்பினார். எனக்கு அறிமுகமே இல்லாத ஆள். "மொதலாளி ஒங்க முன்னாடிதான் நிக்கிறாங்க சேர்" என்றார். கொழும்புக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போனார். அந்த லொறி டிரைவருக்கு ஆணியை நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் கப்பலில் மறுபடி சாமான் வரத் தொடங்கியது. ஒரு நாள் என் புருசன் பெட்டி பெட்டியாகப் புதுக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து இறக்கினார். உறையைக் கிழித்துப் பார்த்தோம். லேசான சாமான், தண்ணீர் புகாது, எல்லாம் ஒரே அளவு. எனக்குக் கவலையாக இருக்கும் என்று நினைத்து அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய நிம்மதி. தகரக் கிண்ணத்தில் விரல் வெட்டுப்படாத நாளே அதுவரைக்கும் இருக்கவில்லை. எங்கள் கண்ணாடிகளில் மிஞ்சியதைப் பழைய கார்காரர்களுக்குச் சும்மா கொடுத்தோம்.

அதே வருசம் அரிசிக் கடைக்காரர் அறையைக் காலி செய்தார். நாங்கள் அதையும் எடுத்து, நடுச் சுவரை உடைத்து, ஒரு பக்கம் பற்றரியும் மறு பக்கம் டயரும் வைத்தோம். டயர் பாரமான சாமான். அவர் கொழும்புக்குப் போகிற அன்றைக்கு நான் அதை எப்படித் தனியாகத் தூக்கி மேல்தட்டில் வைப்பது என்று நானும் என் புருசனும் அப்போது பேசத் தொடங்கிய பேச்சு ஒரு வாரம் நீடித்தது.